உயரத்துக்கு அஞ்சாதவர் தேவையா?

தொழிற்பயிற்சி நிலையங்களின் அறிவிப்புப் பலகையில் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒட்டப்படும் காகிதம் அது. காற்றாலைப் பராமரிப்புக்கு ஆட்கள் தேவை. எலெக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர் பிரிவில் ஐ.டி.ஐ. தேர்ச்சி, இல்லையென்றால் டிப்ளமா. வெளி மாநிலத்துக்குப் போகத் தயாராக இருக்க வேண்டும். கடைசி வரி அநேகமாக இப்படி இருக்கும்: உயரத்தில் வேலை செய்ய அஞ்சாதவராக இருத்தல் அவசியம்.

மற்ற தகுதிகள் எல்லாம் சரி. இந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. இந்தத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவர்களிடம் பேசிப் பார்த்தால், பயமே இல்லாத பையனைத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். கயத்தாறு பக்கம் ஒரு மூத்த டெக்னீஷியன், புதிதாக வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்பாராம். "பாதி ஏணியிலே பயம் வந்துட்டா என்ன பண்ணுவே தம்பி?" பெரும்பாலானவர்கள், "எனக்குப் பயமே கிடையாது அண்ணாச்சி" என்பார்கள். அவர்களை முதல் மாதம் கீழேயே வைத்துக்கொள்வார். ஒரு பையன் மட்டும், "இறங்கிருவேன் அண்ணாச்சி" என்றானாம். அவனை மறுநாளே மேலே கூட்டிப் போனார்.

'மேலே' என்றால் எவ்வளவு மேலே? 1986இல் குஜராத்தின் ஓகா, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, தமிழகத்தின் தூத்துக்குடி ஆகிய கடலோரங்களில் நாட்டின் முதல் காற்றாலைகள் நின்றபோது ஒவ்வொன்றும் 55 கிலோவாட். கோபுரம் ஏறக்குறைய இருபது மீட்டர். தென்னை மரத்தில் ஏறுகிறவனுக்கு அது பெரிய விஷயமில்லை. இன்று நடப்படும் 3 மெகாவாட் இயந்திரங்களில் சிலவற்றின் கோபுரம் 140 மீட்டர். இரண்டு குதுப் மினார்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அந்த உயரம் வரும். பெரிய கோபுரங்களுக்குள் லிஃப்ட் உண்டு. ஆனால் லிஃப்ட் பழுதானால் அதைச் சரிசெய்கிறவனும் இதே டெக்னீஷியன்தான். அவனுக்கு ஏணிதான்.

நாட்டின் காற்று மின் நிறுவுதிறன் 2025 மார்ச்சில் 50 ஆயிரம் மெகாவாட்டைத் தொட்டது. குஜராத் முதலிடம், தமிழகம் இரண்டாமிடம். இந்தக் கணக்கை அமைச்சர்கள் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறோம். இத்தனை இயந்திரங்களுக்கும் கிரீஸ் வைப்பவர்களைப் பற்றி மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அவர்களுடைய வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விசித்திரமானது. உச்சியில் ஒரு சிறிய வீட்டின் அளவில் 'நாசெல்' என்ற கூடு இருக்கிறது. கியர் பாக்ஸ் உள்ள வகையில், இறக்கைகள் நிமிடத்துக்குப் பதினைந்து சுற்று போலச் சோம்பலாகச் சுற்றும். அதை ஏறக்குறைய நூறு மடங்காக்கி ஜெனரேட்டரைச் சுழற்றுவது கியர் பாக்ஸ். பல இயந்திரங்களில் மின்சாரம் 690 வோல்ட்டில் பிறக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் அதை 33 ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டெக்னீஷியன் ஒரே நாளில் மெக்கானிக்காகவும் எலெக்ட்ரீஷியனாகவும் இருக்க வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும், கியர் ஆயிலில் சாம்பிள் எடுக்க வேண்டும், பிரேக் தேய்மானம் பார்க்க வேண்டும், சென்சார் ஏன் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்தக் கூட்டுக்குள் இருப்பது எப்படி என்று ஜெய்சல்மேரிலோ கட்சிலோ வேலை பார்த்தவரைக் கேளுங்கள்.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பும் இரண்டு ஆண்டு, ஃபிட்டர் படிப்பும் இரண்டு ஆண்டு. காற்றாலைக்கு இரண்டிலும் பாதிப் பாதி வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் ஹைட்ராலிக்ஸ், கொஞ்சம் கம்ப்யூட்டர். ஆகவே எந்தப் பையன் வந்தாலும் அவன் அரைகுறையாகத்தான் வருவான். அது அவன் குற்றமல்ல. மீதிப் பாதியை யார் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

தொண்ணூறுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. முதல் ஆண்டிலேயே நூறு சத தேய்மானச் சலுகை என்ற வருமான வரிச் சட்டத்தின் கருணையால் கோவை வட்டார நூற்பாலைக்காரர்கள் உட்படப் பலர் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலை வாங்கிப் போட்டார்கள். இயந்திரங்களில் பல டேனிஷ் தொழில்நுட்பத்தில் வந்தவை. வெளிநாட்டு இன்ஜினீயர் முன்னால் ஏறுவார், உள்ளூர் எலெக்ட்ரீஷியன் ஸ்பேனர் பையோடு பின்னால் ஏறுவார். பார்த்துக் கற்றது, கைப்பழக்கம். தெற்கத்திக் கிராமங்களில் அதற்கு வைத்த பெயர் 'காத்தாடி'. 'காற்றாலை' என்பது நாம் பத்திரிகைகளில் எழுதுவது. அங்கே எதையும் ஆட்டுவதுமில்லை, அரைப்பதுமில்லை என்பதால் 'காத்தாடி'யே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தத் தலைமுறைக் காத்தாடிக்காரர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் அறிந்த 225, 250 கிலோவாட் இயந்திரங்களைக் கழற்றிப் பெரிதாக நடுவதற்கு மத்திய அரசு 2016இலேயே கொள்கை வகுத்து 2023இல் திருத்தியும் விட்டது. காதால் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்லக்கூடிய இந்த மனிதர்களை என்ன செய்வது என்று கொள்கையில் எழுதுகிற வழக்கமில்லை.

இன்று பயிற்சி முறைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையில் 1998இல் தொடங்கிய காற்றாலைத் தொழில்நுட்ப மையம், இப்போது தேசியக் காற்றாற்றல் நிறுவனம், பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. 2015இல் உருவான பசுமைப் பணிகளுக்கான திறன் கவுன்சில் இன்ன வேலைக்கு இன்னது தெரிந்திருக்க வேண்டும் என்று பாடத்திட்டம் வகுக்கிறது. இவற்றுக்கு மேல், பெரிய கம்பெனிகள் கேட்பது ஜி.டபிள்யூ.ஓ. என்கிற உலகக் காற்றாலை அமைப்பின் சர்டிஃபிகேட். இயந்திரம் செய்பவர்களும் வைத்திருப்பவர்களும் சேர்ந்து 2012இல் ஏற்படுத்திய அமைப்பு அது. அதன் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் ஐந்து பகுதிகள்: முதலுதவி, பளு தூக்கும் முறை, தீ, உயரத்தில் வேலை, கடலில் உயிர் பிழைத்தல். கடைசிப் பகுதி கடல் காற்றாலைக்கு. அதற்கு மத்திய அரசு 2024இல் 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தரையில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் நான்கு போதும்.

இதில் உயரத்தில் வேலை என்ற பகுதி ஏறக் கற்றுக் கொடுக்கும் பாடமென்று பலர் நினைக்கிறார்கள். ஏறுவதை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். கடினமான பாடம், இறக்குவது. பெல்ட்டில் தொங்கியபடி மயங்கிவிட்டவனுக்குக் கால்களில் ரத்தம் தேங்கத் தொடங்கும். நிமிடக் கணக்கில் அவனை இறக்க வேண்டும். பக்கத்து ஊர்த் தீயணைப்பு வண்டியின் ஏணி அந்த உயரத்துக்கு எட்டாது. ஆம்புலன்ஸ் வந்தாலும் கீழேதான் நிற்கும். ஆக, மேலே இருக்கிற இரண்டாவது ஆள்தான் தீயணைப்புப் படையும் ஆம்புலன்ஸும். நாசெல்லில் தீப்பிடித்தால் பின்பக்கக் கதவைத் திறந்து கயிற்றில் இருவரும் வெளியே இறங்க வேண்டும். இதற்காகத்தான் ஒருவன் தனியாக ஏறக் கூடாது என்ற விதி. இதற்காகத்தான் பயிற்சிக் கூடத்தில் மனித எடையுள்ள பொம்மையைக் கட்டி இறக்கி இறக்கிப் பழக்குகிறார்கள். சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் 24 மாதம். பிறகு மறுபயிற்சி. கை மறந்துவிடும் என்று தெரிந்துதான் இந்தக் கெடு.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். சில காலம் முன்பு ஒரு கம்பெனியின் பாதுகாப்புக் கையேட்டுத் தமிழாக்கம் சரிபார்க்க என்னிடம் வந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். உடலில் மாட்டும் பெல்ட்டைச் 'சேணம்' என்று எழுதியிருந்தார்கள். அகராதிப்படி தவறில்லை, குதிரைக்கு மாட்டுவதும் அதுதான். மின்சாரம் ஓடும் கம்பி 'உயிருள்ள கடத்தி' ஆகியிருந்தது. தூக்கும் பொருளுக்கு அடியில் நிற்காமல் விலகி நில் என்பதற்கு 'தெளிவாக நிற்கவும்' என்று இருந்தது. இவற்றைப் படித்துச் சிரிக்கலாம், திருத்திவிடலாம். சேணத்தைப் படித்துவிட்டு யாரும் குதிரை தேடப் போவதில்லை. தளத்தில் எல்லோரும் பெல்ட் என்கிறார்கள், கரண்ட் இருக்கு என்கிறார்கள். அப்படியே போட்டால் தீர்ந்தது.

சிரிக்க முடியாத சிக்கல் பிழையே இல்லாத வாக்கியங்களில் இருந்தது. உதாரணமாக: 'காற்றின் வேகம் இயந்திரத் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள வரம்பைத் தாண்டியிருக்கும் நிலையில் ஹப்பின் உட்புறம் நுழைந்து பணியாற்றக் கூடாது.' தமிழாசிரியர் எவரும் சிவப்பு மை தொட மாட்டார். ஆனால் படித்துக்கொண்டு போகிறவனுக்குக் கடைசிச் சொல் வரும்வரை அது அனுமதியா, தடையா என்று தெரியாது. ஆங்கிலத்தில் மறுப்பு வாக்கியத்தின் வாசலிலேயே நின்று வழி மறிக்கிறது. தமிழில் அது கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை இரண்டு ஆண்டு வெயிலில் வெளுத்த பலகையில் எழுதிப் பாருங்கள். வரியின் விளிம்பில் 'கூடாது' துருப்பிடித்துப் போனால் மிச்சம் இருப்பது, நுழைந்து பணியாற்ற.

'ஏறலாகாது', 'தொடலாகாது' என்று சில இடங்களில் இருந்தது. இலக்கியத் தமிழில் அழகான வடிவம். 'ஏறலாம்' என்று தினமும் பேசுகிற ஒருவன் அவசரத்தில் முதல் பாதியைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன ஆகும்?

நல்லவேளை, தமிழிலேயே மருந்து இருக்கிறது. இலக்கணத்தில் எதிர்மறை ஏவல் என்று படிக்கிறோமே, அதில் வினையே மறுப்பைச் சுமந்து வருகிறது. 'நுழையாதே' என்று முதல் சொல்லாகப் போட்டு, எப்போது என்பதைப் பின்னால் சொல்லிவிடலாம். ஹப்புக்குள் நுழையாதே, காற்று வரம்பைத் தாண்டினால். செய்யுளில் புரட்டிப் போடும் உரிமை எங்களுக்கு எப்போதும் உண்டு. உயிர் போகும் இடத்தில் ஏன் கூடாது? கம்பெனி தரப்பில் ஒரு தயக்கம் சொன்னார்கள். 'நுழையாதே' மரியாதைக் குறைவாக இருக்கிறதாம். 'நுழையாதீர்கள்' என்று உடன்பாடு ஆயிற்று. மரியாதை மூன்று எழுத்து நீட்டியது, போகட்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டேன். சுவிட்சை அணைத்த பிறகும் கன்வர்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் சில நிமிடங்கள் மின்சாரம் தங்கியிருக்கும். கையேடு 'போதிய நேரம் காத்திருக்கவும்' என்றது. போதிய நேரம் என்பது பசியோடு இருக்கிறவனுக்கு ஒன்று, கீழே ஜீப் காத்திருக்கிறவனுக்கு இன்னொன்று. அந்த இயந்திரத்துக்கு எத்தனை நிமிடமோ அந்த எண்ணை அச்சிடுங்கள், அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

தமிழில் மட்டும் சரிசெய்தால் தீராது என்பதும் உண்மை. தமிழகத்தில் காற்றாலை நடும் குழுக்களில் பீகார், ஒடிசா இளைஞர்களைப் பார்க்கலாம். நம் ஊர்ப் பையன்கள் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் இருக்கிறார்கள். இந்தியிலும் மறுப்புச் சொல் வினைக்குச் சற்று முன்னால், வாக்கியத்தின் கடைசிப் பகுதியில்தான் வரும். தென்காசிப் பையனும் பாகல்பூர்ப் பையனும் ஒரே கோபுரத்தில் ஏறும்போது இருவருக்கும் பொதுவான மொழி, பாதி இந்தியும் பாதி ஸ்பேனர் பெயர்களும். பயிற்சிக் கூடத்தில் ஒரே மொழிக்காரர்களை ஜோடி சேர்த்துப் பழக்குகிறோம். தளத்தில் கிடைத்தவனோடு கிடைத்தவனை ஏற்றுகிறோம். குறைந்தபட்சம் நிறுத்து, இறங்கு, பிடி, விடு என்ற நான்கு கட்டளைகளையாவது எந்த மொழியில் சொல்வது என்று ஏறுவதற்கு முன் இருவரும் பேசி வைத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பாடமாகவே வைக்கலாம். இதற்குச் செலவும் கிடையாது.

செலவு வரும் இடம் வேறு. காற்றாலைக்குக் காற்றுக் காலம்தான் அறுவடைக் காலம். மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களில் புகுந்து வரும் மாதங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லும் அதே ஆடியில் இரண்டு மெகாவாட் இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 48 ஆயிரம் யூனிட். யூனிட்டுக்கு மூன்று ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கம். அன்று அது நின்றுவிட்டால் உரிமையாளருக்குத் தூக்கம் வராது. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த கம்பெனியோ, ஆண்டில் இத்தனை சதவீத நேரம் இயந்திரம் தயாராக இருக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது; குறைந்தால் அபராதம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று எல்லோரும் டெக்னீஷியனைப் பார்க்கிறார்கள். எந்தக் காற்று இயந்திரத்துக்கு லாபமோ அதே காற்றுதான் அவனுக்கு ஏற ஆகாத காற்று. கோபுரத்தில் ஏற ஒரு வரம்பு, ஹப்புக்குள் நுழைய அதைவிடக் குறைந்த வரம்பு என்று இயந்திரத்துக்கு இயந்திரம் எண் உண்டு. எண் கையேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி, இன்று ஏற மாட்டேன் என்று சொல்ல வேண்டியவன் இருபத்திரண்டு வயதுப் பையன்.

அவன் யாரிடம் வேலை பார்க்கிறான்? இங்கேதான் ஆள் எடுக்கும் முறை பயிற்சியைத் தின்றுவிடுகிறது. பெரிய கம்பெனி பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கிறது. போல்ட் முடுக்குவது, கிரீஸ் வைப்பது, இறக்கை பழுது பார்ப்பது போன்ற வேலைகளைச் சிறிய கான்டிராக்டருக்குக் கொடுக்கிறது. அவர் சீசனுக்கு ஆள் எடுக்கிறார். யாரையும் அனுபவிக்க விடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறார். நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும். நேரடிப் பணியாளரின் கையில் இருக்கும் நியமன உத்தரவில், பாதுகாப்பில்லை என்று தோன்றினால் வேலையை நிறுத்தலாம் என்று ஒரு வரி இருக்கலாம். கான்டிராக்ட் பையனிடம் நியமன உத்தரவே இல்லை என்றால் அந்த வரியை எங்கே தேடுவது? பெல்ட்டும் ஹெல்மெட்டும் இருவருக்கும் ஒன்றுதான். முடியாது என்று சொல்லும் தைரியம் மட்டும் ஒன்றல்ல, ஏனென்றால் அது மனத்திலிருந்து மட்டும் வருவதில்லை, சம்பளப் பட்டியலிலிருந்தும் வருகிறது.

சர்டிஃபிகேட்டின் கதையும் இப்படித்தான். ஜி.டபிள்யூ.ஓ. பதிவேட்டில் பயிற்சி விவரம் பையனின் பெயரில்தான் ஏறுகிறது. கம்பெனி மாறினாலும் அவனோடு வரும். நல்ல ஏற்பாடு. அதனாலேயே சில கான்டிராக்டர்கள், உனக்குத்தானே சொத்து, நீயே பணம் கட்டிப் படித்துவிட்டு வா என்கிறார்கள். வேலை கிடைக்குமா என்று தெரியாமல் கடன் வாங்கிப் படித்தவன், கிடைத்த வேலையில் எந்தக் காற்றிலும் ஏறத்தான் செய்வான். அப்பா வாங்கிய கடன் கீழே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே.

தீர்வு ஒன்றும் ராக்கெட் சமாச்சாரமல்ல. பயிற்சிச் செலவை இயந்திரத்தைப் பராமரிக்கும் முதன்மைக் கம்பெனி ஏற்க வேண்டும், ஆள் யாருடைய ஆளாக இருந்தாலும். வேலையை நிறுத்தும் உரிமையைக் கான்டிராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதி, காற்று வரம்பால் ஏறாத நாளுக்கும் கூலி உண்டு என்று சேர்க்க வேண்டும். அந்தக் காரணத்தால் இயந்திரம் நின்ற நேரத்தை அபராதக் கணக்கிலிருந்து கழிக்க உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். அது இல்லாமல் மற்றதை எழுதிப் பயனில்லை.

கூடவே, பயிற்சி கொடுக்கும் மாதம். 24 மாதக் கெடு என்றேன் அல்லவா? ஜூனில் அவசரமாக ஆள் எடுத்து ஜூனிலேயே பயிற்சிக்கு அனுப்பினால், அடுத்த மறுபயிற்சி சரியாக இன்னொரு ஜூனில், காற்று உச்சத்தில் இருக்கும்போது வந்து நிற்கும். அப்போது ஆளை நான்கு நாள் விட யாருக்கும் மனம் வராது. காலாவதியான சர்டிஃபிகேட்டோடு ஏறச் சொல்வார்கள். டிசம்பரில், ஜனவரியில் எடுங்கள். காற்று ஓய்ந்திருக்கும், இயந்திரங்களில் பல சும்மா நிற்கும், புதிய பையனை உண்மையான கோபுரத்திலேயே நிதானமாக ஏற்றி இறக்கிப் பழக்கலாம். கயத்தாற்று அண்ணாச்சி போன்றவர்களுக்கும் அப்போது சொல்லிக் கொடுக்க நேரம் இருக்கும்.